கொண்டெடுத்து மொழிதல்: பிறர் கூற்றை அறிவிக்கும் வினைகளும் தமிழர் வாக்குமூலங்களும்

மெல்பேர்ன் மாநகரின் மேற்குப் புறத்தே, விண்டம், மெல்ட்டன் என்னும் இரு நகராட்சி எல்லைகளில் பரந்து கிடக்கும் புறநகர் ட்ருகனினா. ஒரு தலைமுறைக்கு முன்வரை பெரும்பாலும் புல்வெளியாக இருந்த அந்நிலத்தில் இன்று தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் மிகுதி. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். இவ்வூர்ப் பெயர், தாஸ்மேனியத் தொல்குடிப் பெண்ணாகிய ட்ருகனினியின் பெயரிலிருந்து வந்தது என்ப.

‘என்ப’ என்னும் சொல்லை இவ்விடத்தில் அறிந்தே ஆள்கின்றேன். சொன்னவர் இன்னார் எனச் சுட்டாமல், சொன்னதை ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல், கேட்டதைக் கேட்டவாறே முன்வைக்கும் வினை அது. ஆங்கிலத்தில் இதே செய்தியைச் சொல்லப் புகுவோர் பல வினைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். ‘செட்’ என்றால் ஒரு பொருள். ‘க்ளெய்ம்ட்’ என்றால் அறிவிப்பவர் ஐயுறுகிறார் என்று பொருள். ‘அலெஜ்ட்’ என்றால் குற்றச்சாட்டின் சாயல். ‘அட்மிட்டட்’ என்றால் மறைக்க முயன்றதை ஒப்புக்கொண்டார் என்னும் குறிப்பு. அறிவிப்பு வினை என்று பள்ளி இலக்கணம் பெயரிட்டழைக்கும் இச்சொல், பேசியவரின் சொல்லோடு அறிவிப்பவரின் தீர்ப்பையும் சேர்த்தே சுமக்கின்றது. தமிழ் மரபில் அத்தீர்ப்பு அமரும் இடம் பெரும்பாலும் வேறு. அவ்விடம் எது என்பதையும், தமிழரின் வாய்மொழி ஆங்கில ஆவணமாக மாறுங்கால் அது எவ்வாறு இடம்பெயர்கின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ட்ருகனினியிடமிருந்தே தொடங்குவது பொருந்தும். 1839இல் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன், போர்ட் பிலிப் மாவட்டத் தொல்குடியினரின் தலைமைக் காப்பாளராகப் பொறுப்பேற்றபோது, ஃபிளின்டர்ஸ் தீவிலிருந்து அழைத்துவந்த தாஸ்மேனியருள் அவரும் ஒருவர். 1841இல் அவரும் டன்னர்மின்னர்வெய்ட், மோல்பாய்ஹீனர் என்னும் இரு ஆடவரும் வேறிரு பெண்டிரும் மெல்பேர்னை விட்டு நீங்கி வெஸ்டர்ன் போர்ட் பகுதியில் குடியேற்றக்காரரின் குடில்களைத் தாக்கினர். திமிங்கில வேட்டையாளர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதி ஜான் வால்போல் வில்லிஸ் முன்னிலையில் ஐவர் மீதும் வழக்கு நடைபெற்றது. அவர்களுக்காக வாதிட்டவர், பிற்காலத்தில் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக விளங்கிய ரெட்மண்ட் பாரி. பெண்டிர் மூவரும் விடுவிக்கப்பட்டனர். ஆடவர் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இரக்கம் காட்டுமாறு நடுவர் குழு பரிந்துரைத்தும் பயனில்லை. 1842 ஜனவரி 20ஆம் நாள் அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர்.

அந்த நீதிமன்றத்தில் ஐவரும் சாட்சி கூறவில்லை. கிறித்தவ முறைப்படி ஆணையிட இயலாதவர் என்று கருதப்பட்டமையால், தொல்குடியினரின் வாய்மொழி அக்காலத்துச் சட்டத்தில் சாட்சியமாக ஏற்கப்படவில்லை. அவர்கள் எதற்காகப் போனார்கள், யாரைத் தேடினார்கள் என்பதெல்லாம் பிறர் வாய்வழியே ஆவணத்துள் புகுந்தன. ட்ருகனினியைப் பற்றி இன்று நாம் அறிவனவும் அத்தகையனவே. ராபின்சனின் நாட்குறிப்புகளும் பின்னாளில் ஹோபார்ட்டில் அவரைக் கண்டு எழுதியோரின் குறிப்புகளும்தாம் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பவை. அவருடைய பெயரே ஆங்கில ஏடுகளில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டுள்ளது. ஊர்ப்பெயர் அவ்வேறுபாடுகளுக்கு மேலும் ஒன்றைச் சேர்க்கின்றது.

இந்நிலைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், அகப்பாடல்களில் யார் யாருக்குக் கூற்று உரியது என்று வரையறுக்குமிடத்தில், ஊரார், அயலார், சேரியோர், நோயின் தன்மை அறிவோர், தந்தை, தமையன் ஆகியோரைத் தனியே நிறுத்துகின்றது. இவர்களுக்கு நேரான கூற்று இல்லை. இவர்கள் சொன்னவை பிறரால் ‘கொண்டெடுத்து மொழியப்படும்’ என்கின்றது. தலைவியின் தந்தை பாடலில் வாய் திறவார். அவர் சினந்தார் என்பதைத் தோழியோ தலைவியோதான் சொல்லக் கேட்கின்றோம். யார் தம் வாயால் பேசுவார், யார் பிறர் வாயில் மட்டும் வாழ்வார் என்பதை இலக்கண வினாவாகவே எழுப்பிய நூல் அது. அகமரபில் அவ்வரையறை சுவை கருதியது; தந்தையின் குரல் நேரே ஒலித்தால் களவின் அச்சம் குன்றிவிடும். நீதிமன்றத்தில் அதே வரையறை உயிரைப் பறித்தது. இரண்டையும் ஒன்றென்று கொள்ளலாகாது. ஆயினும் சிக்கலைக் குறிக்க அத்தொடரைக்காட்டிலும் பொருத்தமான சொல் எனக்குக் கிட்டவில்லை.

இனித் தமிழின் அறிவிப்பு முறையை நோக்குவோம். இடையியலில் ‘என’ என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறு பொருளையும் சார்ந்து வரும் என்று தொல்காப்பியர் விதிக்கின்றார். ‘என்று’ என்பதும் அத்தகையதே என அடுத்த நூற்பா கூறும். நன்னூலாரும் இதனை வழிமொழிகின்றார். ஒருவர் சொன்ன வாக்கியத்தையும், ‘திடீர்’, ‘படபட’ முதலிய ஒலிக்குறிப்பையும், ஒருவர் மனத்துள் எண்ணியதையும் ஒரே சொல் தாங்கி நிற்பது வியப்புக்குரியது. பிறர் கூற்று என்பது தமிழ் இலக்கணியர் பார்வையில் தனிவகைத் தொடரன்று. நடந்த ஓர் ஒலியை நடந்தவாறே எடுத்துக் காட்டுவதும், பேசிய ஒரு சொல்லைப் பேசியவாறே எடுத்துக் காட்டுவதும் ஒரு தொழிலே.

எச்சவியலில் மற்றொரு குறிப்பு உள்ளது. பத்து வகை எச்சங்களுள் ‘என’ என்பதனையும் ஒன்றாக எண்ணி, அது வினைகொண்டு முடியும் என்கின்றார். ‘என’ என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்கின்றார். ஒரு வினை வந்தால்தான் தொடர் நிறைவுறும். சொன்னான், கேட்டான், நினைத்தான், அஞ்சினான், அழுதாள், போனாள் என எதுவும் வரலாம். ‘வருவேன் எனப் போனான்’ என்னும் தொடரில் பேசுதலைக் குறிக்கும் தனி வினையே இல்லை. போதலே முடிக்கும் வினை. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் ஓர் அறிவிப்பு வினையைச் செருகாமல் மொழிபெயர்த்தல் எளிதன்று. செருகியவுடன், எந்த வினையைச் செருகுவது என்னும் தெரிவும் மொழிபெயர்ப்பவர் தலைமேல் விழுகின்றது.

தமிழில் சொல்லுதலைக் குறிக்கும் வினைகள் குறைவென்பதன்று. கூறு, மொழி, உரை, கிள, இயம்பு, விளம்பு, பகர், நுவல், செப்பு, சாற்று, அறை, வினவு என நிகண்டுகள் அடுக்குகின்றன. இவற்றை ஆங்கில வரிசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். சாற்றுதல் பலரறியச் சொல்லுதல். அறைதல் முரசறைதலின் வன்மையை உட்கொண்டது. செப்பு வினாவுக்கு எதிரான விடை. முறை, அவை, ஒலி, இடம் ஆகியவற்றை இவ்வினைகள் காட்டுகின்றன. சொன்னது மெய்யோ பொய்யோ என்பதில் அவை பெரும்பாலும் தலையிடுவதில்லை. ‘க்ளெய்ம்ட்’ என்பதற்கு நேரான தனிவினை பழந்தமிழில் காண்பதரிது. இன்றைய வழக்கறிஞர் அதனைச் சொல்ல ‘எனக் கூறப்படுகின்ற’ என்னும் நீண்ட தொடரையே நாடுகின்றனர்.

அங்ஙனமாயின் அறிவிப்பவரின் நிலைப்பாடு தமிழில் எங்கே தங்கியது? நூலின் நெறியில் தங்கியது என்பது என் துணிபு. மரபியலில் வரும் முப்பத்திரண்டு உத்திகளுள் பிறன் உடன்பட்டதைத் தானும் உடன்படுதல் ஒன்று. நன்னூற் பாயிரம் எழுவகை மதங்களை எண்ணுகின்றது: பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல் முதலியன. பிறர் சொல்லைக் கையாளும் ஒருவர் கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளின் முறையான பட்டியல் இது. ஆங்கிலம் வினைச்சொல்லுக்குள் அடைத்துவைத்ததைத் தமிழ் இலக்கணியர் ஆசிரியரின் வெளிப்படையான செயலாக வெளியே எடுத்து வைத்தனர். முதலில் சொல்லை முழுமையாக முன்வை. பிறகு ஏற்கின்றாயா மறுக்கின்றாயா என்பதைத் தனியே சொல்.

உரையாசிரியர் நடையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். பரிமேலழகர் வேற்றுரையைச் சுட்டுமிடத்து ‘என்று உரைப்பாரும் உளர்’ என்பார். அவ்வளவில் மறுப்பு இல்லை. சிற்சில இடங்களில் அடுத்த தொடரில் காரணத்தோடு வரும், சில இடங்களில் வராமலே போகும். அவ் ‘உம்’ ஒன்றில் மட்டும் மெல்லிய விலகல் தொனிக்கின்றது. சேனாவரையர் உரையாசிரியரை மறுக்கும் இடங்களிலும் முதலில் அவர் கருத்து எடுத்து மொழியப்படும். ‘பொருந்தாது’ என்பது பின்னரே வரும். மறுக்கப்பட வேண்டிய கருத்தும் ஒரு முறையேனும் வண்ணம் பூசப்படாமல் படிப்போர் செவியில் விழுகின்றது. ‘என்ப’ என்பதும் ‘என்மனார்’ என்பதும் எதிர்கால வாய்பாட்டின என்பதையும் இங்கே நினைவு கூரலாம். முன்னோர் சொன்னார் என்று இறந்தகாலத்தில் முடித்துவிடாமல், இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவராக அவ்வினைகள் அவர்களை நிறுத்துகின்றன. ஆங்கில அயற்கூற்றில் அறிவிப்பு வினை இறந்தகாலமாயின் உள்ளிருக்கும் வினைகளும் ஒரு படி பின்னோக்கி நகரும். பேசியவரின் ‘இன்று’ அங்கே ‘அன்று’ ஆகும்; ‘இங்கே’ என்பது ‘அங்கே’ ஆகும்; ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகும்.

தமிழிலும் அயற்கூற்று இல்லாமலில்லை. ‘தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்’ என்னும் தொடரில் ‘தான்’ என்பது பேசியவனையே சுட்டுகின்றது. ஆங்கில ‘ஹி’ என்பதற்குள்ள இரட்டைப் பொருள் இதற்கில்லை. ‘வருவேன் என்று சொன்னான்’ என்பதற்கும் ‘வருவதாகச் சொன்னான்’ என்பதற்கும் இடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. முன்னதில் அவன் குரல் கேட்கின்றது. பின்னதில் அறிவிப்பவர் சற்றே விலகி நிற்கின்றார். நாளிதழ்கள் ‘ஆக’ என்னும் வடிவை விரும்புவதற்கு இவ்விலகலும் ஒரு காரணமாகலாம். ஆனால் அதே நாளிதழ்கள் எதற்கும் ‘தெரிவித்தார்’ என்று எழுதிவிடுகின்றன. தெரிவித்தல் என்றால் தெரியச் செய்தல். பொய்யைத் தெரியச் செய்தல் இயலாது. அமைச்சர் மறுத்ததும் எதிர்க்கட்சியினர் சாடியதும் ஒருங்கே ‘தெரிவித்தார்’ ஆகிவிடுகின்றமையை நோக்கின், நம் இதழியல் நடை ஆங்கில அறிவிப்பு வினைகளைக் கடன் வாங்கும்போது அவற்றின் வேறுபாடுகளை எல்லையிலேயே விட்டுவிட்டு வந்ததோ என ஐயுற வேண்டியுள்ளது.

எல்லாவற்றினும் நுட்பமானது ‘ஆம்’. ‘வந்தான்’ என்றால் நான் கண்டேன், அல்லது உறுதியாக அறிவேன். ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன். ஒரே அசை, சாட்சியின் தரத்தையே மாற்றிவிடுகின்றது. சொன்னவர் யார் என்பதைக் கூறவேண்டிய கட்டாயமும் இல்லை. கேள்விச் சாட்சியத்தைக் குறிக்கும் இவ்வுறுப்பைத் தமிழ்ச் சிறாரும் இயல்பாகவே கையாள்கின்றனர். ஆங்கிலத்தில் இதற்கு நேரான உறுப்பு இல்லை. ‘அப்பேரண்ட்லி’ என்றோ ‘தே சே’ என்றோ தனிச்சொல்லால் விரித்தெழுத வேண்டும். விரைந்து மொழிபெயர்ப்பவர் விட்டுவிடுவதற்கு இதனினும் எளிய சொல் பிறிதில்லை.

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று முதன்முதல் பெருமளவில் எதிர்கொண்ட இடம் கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னை மாகாணம். 1855 ஏப்ரலில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட ஆணையம், வரி தண்டலிலும் காவல் விசாரணையிலும் நிகழ்ந்த சித்திரவதை குறித்துத் தன் அறிக்கையை ஆளுநரிடம் அளித்தது. சித்திரவதை நடைபெறுகின்றது என்பதே ஆணையத்தின் முடிவு. எனினும் அறிக்கையின் தலைப்பிலேயே ‘அலெஜ்ட்’ என்னும் அடைமொழி அமர்ந்திருக்கின்றது. சட்ட நோக்கில் அது குற்றமன்று. விசாரணை முடியுமுன் சூட்டிய பெயர் அது. ஆனால் குடியானவர் தம் மொழியில் சொன்னது, எழுத்தர் கைப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் வழியாகி, ஆங்கில அறிக்கையில் புகும்போது இத்தகைய அடைமொழிகளின் கீழேயே வாழ வேண்டியிருந்தது. அவ்வாவணங்களில் மொழிபெயர்க்கப்படாமல் எஞ்சிய சொற்களுள் ஒன்று ‘கிட்டி’. விரல்களை இடுக்கி நெரிக்கும் மரக்கருவியின் பெயர் அது. சொன்னவனின் குரலில் அச்சொல் மட்டும் மாற்றமின்றி ஆங்கிலத்துள் நுழைந்தது. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் கைவசம் இல்லாமையே காரணமாகலாம்.

பின்னர் வந்த சட்டங்கள் இச்சிக்கலை ஓரளவு உணர்ந்திருந்தன. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் எவ்விடத்தும் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்றது. கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவரும் சொல்ல வேண்டும். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் இவ்வழியே சென்றது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரை விசாரித்து எழுதுங்கால் இயன்றவரை அவர் பேசிய மொழியிலேயே எழுதுமாறு பணித்தது. சாட்சியச் சட்டம் கேட்டதையும் கண்டதையும் பிரித்தறிய விரும்பியது. அதனை அசை ஒன்றால் பிரித்தறியும் மொழி பேசியவர்களோ சாட்சிக் கூண்டில் நின்றனர். ‘ஆம்’ என்பதன் பயனைச் சட்டம் தன் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் வேறொரு வழியில் வேலை செய்தது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலம் கற்ற தலைமுறைகள் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியைத் தவறாமல் கடந்து வந்தன. ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. கட்டளையாயின் ‘ஆர்டர்டு’, வேண்டுகோளாயின் ‘ரிக்வெஸ்ட்டட்’, வினாவாயின் ‘ஆஸ்க்ட்’, வியப்போ துயரோ ஆயின் ‘எக்ஸ்க்ளெய்ம்டு’ என்று விதிகள் மனப்பாடமாயின. ‘அலாஸ்’ என்று ஒருவர் கதறினால், மாணவர் அதனை நீக்கித் ‘துயரத்தோடு கூவினார்’ என்று எழுத வேண்டும். தமிழ்ச் சிறுவன் வீட்டில் பாட்டியிடம் ‘அவள் ஐயோ என்று அழுதாள்’ என்றே சொல்வான். ஐயோ அழியாமல் பாட்டியின் காதுக்குப் போகும். வகுப்பில் அதே சிறுவன் ஐயோவை அழித்து அதன் இடத்தில் ஓர் உணர்வுப் பெயரை எழுதி மதிப்பெண் பெற்றான். அழுதது துயரத்தாலா, அச்சத்தாலா, ஆத்திரத்தாலா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இவ்வாறு அறிவிப்பவர் கைக்கு மாறிற்று. அப்பயிற்சியை இழிவாகக் கருதுவதற்கில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அது தேவைப்படும் கருவியே. கருவியோடு வந்த அதிகாரத்தை யாரும் சொல்லித் தரவில்லை என்பதே குறை.

இப்பின்னணியோடு ஆஸ்திரேலியாவுக்கு மீள்வோம். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர் எனப் பதிவாயிற்று. அவர்களுட் பெரும்பகுதியினர் சிட்னியிலும் மெல்பேர்னிலும் வாழ்கின்றனர். தமிழ் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் மேனிலைப் பள்ளிப் பாடமாகவும் உள்ளது. உரைபெயர்ப்புப் பணிக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1973இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொலைபேசி வழி அவசர உரைபெயர்ப்புச் சேவை தொடங்கியது. 1977இல் ‘நாட்டி’ எனச் சுருங்க அழைக்கப்படும் தேசியத் தரச்சான்று அமைப்பு நிறுவப்பட்டது. நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் உரைபெயர்ப்பாளருடன் பணிபுரிவதற்கான தேசிய நெறிமுறை 2017இல் வெளியாயிற்று.

இத்தொழிலின் அடிப்படை விதி தன்மையில் பேசுதல். சாட்சி ‘நான் போனேன்’ என்றால் உரைபெயர்ப்பாளர் ‘அவர் போனதாகச் சொல்கிறார்’ என்னலாகாது. ‘ஐ வெண்ட்’ என்றே சொல்ல வேண்டும். அறிவிப்பு வினை முற்றாக நீக்கப்பட்டு, உரைபெயர்ப்பாளர் கூற்றில் சாட்சியே பேசுகின்றார். கொண்டெடுத்து மொழிதலை ஒழிக்கும் நல்ல விதி இது என்பதில் ஐயமில்லை. 1841இல் மெல்பேர்ன் நீதிமன்றத்தில் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்திருப்பின், ஐவரின் வாய்மொழிக்கு ஏதேனும் இடம் கிடைத்திருக்கலாம்.

ஆனால் தமிழ்ச் சாட்சியின் பேச்சுக்குள்ளேயே மற்றொருவரின் நேர்கூற்று பொதிந்திருக்கும்போது விதி தடுமாறுகின்றது. விளக்கத்திற்காக யானே அமைத்த ஓர் ஈழத் தமிழ்த் தொடர் இது: ‘அண்ணன் என்னைத் தேடி ஆமி வந்தது எண்டு சொன்னவர்.’ இங்கே ‘என்னை’ என்பது சாட்சியைக் குறிக்குமா, அண்ணனைக் குறிக்குமா? ‘எண்டு’ என்பதற்கு முன்னுள்ளது அண்ணனின் சொல்லாயின் தேடப்பட்டவர் அண்ணன். சாட்சி தம் நோக்கிலிருந்து சொல்லியிருப்பின் தேடப்பட்டவர் சாட்சி. தமிழ்க் கேட்போர் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் முன்பின் செய்தியாலும் இதனை நொடியில் தெளிவர். உரைபெயர்ப்பாளர் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். ‘என்னைத் தேடி இராணுவம் வந்தது என்று அண்ணன் சொன்னார்’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ‘மீ’ என்று விழுந்துவிட்டால், அஞ்சி ஓடிய காரணமே ஆள் மாறிவிடும். எழுவாய் தொக்கி நிற்கும் தொடர்களில் இடர் இன்னும் மிகுதி. ‘கூட்டிக்கொண்டு போவம் எண்டவை’ என்பதில் கூட்டிச் செல்லப்பட இருந்தவர் யார் என்பது சொல்லில் இல்லை. ஆங்கிலமோ ஒருவரைக் குறிப்பிடாமல் விடாது.

‘ஆம்’ தரும் இடரும் இதற்குக் குறைந்ததன்று. முதல் நேர்காணலில் ஒருவர் ‘வீட்டுக்கு வந்தவையாம்’ என்கின்றார். ஆங்கிலப் பதிவில் ‘அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்’ என்றாகின்றது. அடுத்த விசாரணையில் ‘நீங்கள் நேரில் கண்டீர்களா’ என்னும் வினாவுக்கு அவர் ‘இல்லை, அம்மா சொன்னவ’ என்கின்றார். இரு கூற்றும் தமிழில் ஒன்றோடொன்று முற்றும் இயைந்தவை. ஆங்கிலக் கோப்பில் அவை முரண்பட்டவையாகத் தோன்றும். ஏதிலியர் விசாரணைகளில் முரண்பாடு என்பது நம்பகத்தன்மை பற்றிய வினாவுக்கு இட்டுச் செல்லும். அதன் விடையில் ஒருவர் தங்குவதும் திருப்பியனுப்பப்படுவதும் அடங்கியிருக்கலாம். 1993இல் நிறுவப்பட்ட ஏதிலியர் மீளாய்வுத் தீர்ப்பாயமும், 2015இல் அதன் பணியை ஏற்று 2024 வரை இயங்கிய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும், சாட்சிய விதிகளுக்குக் கட்டுப்பட்டவையாக இருக்கவில்லை. கேள்விச் சாட்சியத்தை அவை ஏற்கக்கூடியவையாக இருந்தன. ஆயின் அது கேள்விச் சாட்சியம் என்பதை அறிந்தே எடைபோட வேண்டும் அன்றோ? அவற்றின் முடிவுரைகளில் மிகுதியாக வரும் அறிவிப்பு வினை ‘க்ளெய்ம்ஸ்’ என்பதும் இங்கே நோக்கத்தக்கது. சட்ட வழக்கில் அது நடுநிலைச் சொல்லே. விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் கலைச்சொல். விண்ணப்பித்த தமிழர் அதனை வாசிக்கும்போது, அல்லது பிறர் வாசிக்கக் கேட்கும்போது, தம் சொல் ஒவ்வொன்றின் முன்னும் ஐயம் ஒன்று நடப்பட்டிருப்பதாக உணர்வாராயின் அதில் வியப்பில்லை.

எல்லா முரண்பாடும் மொழிபெயர்ப்பால் விளைந்தவை என்று வாதிடுவது மிகை. மறதியும் அச்சமும், சில வேளைகளில் புனைவும், எந்த மொழியிலும் உண்டு. இலக்கணம் காரணமாக எழுந்த முரண்பாட்டை மனிதர் மேல் ஏற்றிவிடலாகாது என்பதளவே என் வாதம்.

நேரில் கேட்டலுக்கும் பதிவில் கேட்டலுக்கும் உள்ள இடைவெளியை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமே ஒரு தமிழர் வழக்கில் எதிர்கொண்டது. 2015 நவம்பரில் தீர்க்கப்பட்ட அவ்வழக்கு, விண்ணப்பதாரரின் பெயர் மறைக்கப்பட்டு ‘டபிள்யூ-இசட்-ஏ-ஆர்-எச்’ என்னும் எழுத்துக்களால் வழங்குகின்றது. அவர் இலங்கைத் தமிழர். ஏதிலித் தகுதி பற்றிய மீளாய்வில் முதல் மீளாய்வாளர் அவரை நேரில் விசாரித்தார். பின்னர் அம்மீளாய்வாளர் தொடர இயலாமற்போகவே, இரண்டாமவர் ஒருவர் அவரை நேரில் காணாமல், முன்னைய நேர்காணலின் ஒலிப்பதிவையும் எழுத்துப்படியையும் பிற ஆவணங்களையும் கொண்டு அவருக்கு எதிராக முடிவுசெய்தார். ஆள் மாறிய செய்தி விண்ணப்பதாரருக்கு அறிவிக்கப்படவில்லை. தம்மை நேரில் கேட்பதற்கான கோரிக்கையை முன்வைக்கும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டமை நடைமுறை நியாயத்துக்கு மாறானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அமைச்சரின் மேன்முறையீட்டைத் தள்ளியது. அத்தீர்ப்பு தமிழ் இலக்கணத்தைப் பற்றியதன்று. ஆயினும் ஒருவர் தம் வாயால் பேசுவதும் அவர் பேச்சு கொண்டெடுத்து மொழியப்படுவதும் சமமல்ல என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடமாக அதனைத் தமிழ் மாணவர் வாசிக்கலாம்.

மெல்பேர்னிலும் சிட்னியிலும் தமிழ் உரைபெயர்ப்பாளராக விரும்புவோர்க்கான பயிற்சியில் ‘எண்டு’, ‘ன்னு’, ‘ஆம்’, ‘தான்’, ‘ஆக’ ஆகிய ஐந்தும் தனிப் பாடமாக அமைதல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் பேச்சைத் தமிழகத்து உரைபெயர்ப்பாளர் கேட்கும் சூழல் இங்கே அருமையன்று. ‘சொன்னவர்’ என்னும் ஈழத்து முற்றுவினையைத் தமிழகத்தார் பெயராகக் கேட்டு மயங்குதலும் நேரலாம். உரைபெயர்ப்பாளர், ஐயம் தோன்றுமிடத்து அவையின் இசைவோடு விளக்கம் கேட்கத் தொழில்நெறி இடம் தருகின்றது. மேலே காட்டிய தொடரில் அவர் கேட்க வேண்டிய வினா சிறிது: ‘தேடி வந்தது உங்களையா, அண்ணனையா?’ அவ்வினாவும் விடையும் இரண்டுமே ஆங்கிலப் பதிவில் ஏற வேண்டும். ‘ஆம்’ வருமிடத்தில், ‘சாட்சி இதனைப் பிறர் சொல்லக் கேட்டதாக அவரது வினைவடிவம் காட்டுகின்றது’ என்று ஒரு குறிப்புச் சேர்த்தால், அடுத்த முறை கோப்பைத் திறப்பவர் அதனை நேரிற் கண்ட சாட்சியமாக எண்ணி மயங்கமாட்டார்.